பச்சைக் கல்லும் கறுப்புக் கல்லும்

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு மாணவி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

'கவுன்சலிங்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும்னு நம்பிப் போனேன். கிடைச்சது மெட்டலர்ஜி. வீட்ல ரெண்டு நாள் யாரும் சரியா பேசலை. சொந்தக்காரங்க, "பாத்திரக் கடை வைக்கப் போறியாம்மா?"னு கேக்கறாங்க. ஹாஸ்டல்ல எனக்கு "பேரீச்சம்பழம்"னே பேரு வெச்சுட்டாங்க. நான் படிக்கிறது அவ்வளவு கேவலமான விஷயமா சார்?'

ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்... புரியுது, புரியுது! சிரிக்கலாம். ஆனால், கடைசி வரியில் சிரிப்பு இல்லையே.

தோழி, உங்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உங்களை ஒரு ஏழாயிரம் வருஷம் பின்னால் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். டிக்கெட் செலவு என்னுடையது. இறங்க வேண்டிய இடம் ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் பால்கன் பகுதி. இன்றைய செர்பியா, பல்கேரியா. மற்ற நண்பர்களும் ஏறிக்கலாம், இடம் இருக்கு!

ராஜா இல்லாத ஊர்

செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடுக்குப் பக்கத்தில், டான்யூப் நதிக்கரையில் வின்ச்சா என்று ஒரு இடம். 1908-ல் மிலோயே வாசிச் என்ற தொல்லியலாளர் அங்கே தோண்ட ஆரம்பித்தார். அடுக்கடுக்காக மண் சுவர் வீடுகள், பெரிய கண்களோடு முறைத்துப் பார்க்கும் களிமண் பொம்மைகள், பளபளவென்று தேய்த்த கறுப்புப் பானைகள் என்று வந்துகொண்டே இருந்தன. அந்த இடத்தின் பெயரையே அந்த மக்களின் கலாசாரத்துக்கும் வைத்துவிட்டார்கள். காலம், தோராயமாக கி.மு. 5400 முதல் 4500 வரை.

அவர்களிடம் என்ன இருந்தது என்பதைவிட, என்ன இல்லை என்று பாருங்கள். மாட்டு வண்டி இல்லை. குயவனுக்குச் சக்கரம் இல்லை. அரண்மனை இல்லை. பெரிய கோயில் இல்லை. ராஜா இருந்ததற்கு அடையாளமே இல்லை. கோதுமை விதைத்தார்கள், மாடு, ஆடு, பன்றி வளர்த்தார்கள். கருவி என்றால் கல், எலும்பு, மான் கொம்பு. அவ்வளவுதான்.

இந்த மக்கள்தான் ஒருநாள் கல்லை உலோகமாக மாற்றினார்கள்.

'கல்லை உலோகமாக மாற்றுவதா, அது என்ன மேஜிக்?' என்று கேட்காதீர்கள். மேஜிக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எப்படி என்று சொல்கிறேன்.

தட்டுவது வேற, உருக்குவது வேற

தாமிரம் சில இடங்களில் தாமிரமாகவே கிடைக்கும். மண்ணில் செந்நிறக் கட்டியாகக் கிடப்பதைப் பொறுக்கி, கல்லால் தட்டி மணியோ ஊசியோ செய்துகொள்ளலாம். துருக்கியில் இருக்கும் சாயனு போன்ற இடங்களில் சுமார் 10,000 வருஷத்துக்கு முன்பே இதைச் செய்திருக்கிறார்கள். அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால், அதற்கு வேதியியல் தேவையில்லை.

ஆனால், பெரும்பாலான தாமிரம் அப்படிக் கிடைக்காது. கல்லுக்குள் ஒளிந்திருக்கும். அதில் ஒரு கல் மாலகைட். அழகான பச்சை. கரியும் ஆக்ஸிஜனும் தாமிரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'விட மாட்டேன்' என்று அடம்பிடிக்கும் கல் அது. பார்த்தால் உள்ளே உலோகம் இருப்பதாக யாராவது சொல்வார்களா? நிறம் பச்சை, கனம் கல், தட்டினால் தூள்!

அதைச் சுட்டால் முதலில் கறுப்பாகிவிடும். 'போச்சு, கெட்டுப் போச்சு' என்று தூக்கிப் போடத் தோன்றும். போடக் கூடாது. நிறைய மரக்கரிக்குள் புதைத்து, காற்றை அளவாக ஊத வேண்டும். காற்று குறைந்தால் சூடு ஏறாது. அதிகமானால் மறுபடியும் ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். சரியான அளவில் ஊதினால், கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தாமிரத்தோடு ஒட்டிய ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு போகும். தாமிரம் உருகுவதற்கு 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். சும்மா விறகைக் கொளுத்திக் குளிர்காய்கிற நெருப்பு அதற்குக் கிட்டவே வராது.

தெர்மாமீட்டர் கிடையாது, ஆக்ஸிஜன் என்ற வார்த்தையே கிடையாது. நெருப்பின் நிறம், புகையின் வாசனை, ஊதுகிறவரின் மூச்சு. லேப் முழுக்க அவ்வளவுதான்.

ஒரு கைப்பிடிக் கசடு

கிழக்கு செர்பியாவில் பெலோவோடே என்று ஒரு வின்ச்சா காலக் குடியிருப்பு. அங்கே தோண்டியபோது சின்னச் சின்னக் கசடுத் துண்டுகள் கிடைத்தன. தாதுவை உருக்கும்போது மிஞ்சுகிற குப்பை. மொத்தத்தையும் சேர்த்தாலும் ஒரு கைப்பிடி வராது. நாமாக இருந்தால் காலால் தள்ளிவிட்டுப் போயிருப்போம்.

மில்யானா ராதிவோயெவிச் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தக் குப்பையை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தார்கள். உள்ளே உருகி உறைந்த தாமிரத் துளிகள்! 2010-ல் முடிவு வெளியானது. காலம் சுமார் கி.மு. 5000. தாதுவிலிருந்து தாமிரத்தை உருக்கிப் பிரித்ததற்கு, நன்றாகக் காலம் கணிக்கப்பட்ட சான்றுகளில் உலகிலேயே மிகப் பழையது என்று அறிவித்தார்கள்.

என்னை அசத்தியது தேதி இல்லை, வேறொரு விஷயம். அந்த ஊரில் மணி கோக்கப் பயன்படுத்தியது நல்ல பச்சை மாலகைட். உருக்குவதற்கு எடுத்ததோ, கறுப்பும் பச்சையும் கலந்த வேறு தாது. அதில் மாங்கனீஸ் அதிகம். மாங்கனீஸ் இருந்தால் கசடு சுலபமாக உருகி, தாமிரத்தைத் தனியே விட்டுவிடும். இது இன்றைக்கு உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும் விஷயம், தோழி. ஏழாயிரம் வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடமே இல்லாத ஒருவர், 'பச்சைக் கல்லு கழுத்துக்கு, கறுப்புக் கல்லு நெருப்புக்கு' என்று பிரித்து வைத்திருக்கிறார். அதிர்ஷ்டத்தில் நடந்த காரியமாக இருந்தால், இப்படிப் பிரிக்கத் தெரியுமா? எத்தனை தடவை தோற்றிருப்பார்கள்! எத்தனை கூடை கரி வீணாகி இருக்கும்!

பெரிய உலை ஒன்றும் கட்டவில்லை. தரையில் ஒரு குழி, சுற்றிலும் உடைந்த பானை ஓடுகள், மேலே ஊதுகுழல்கள். ஓடுகளில் கசடு ஒட்டியிருப்பதை வைத்து இப்படித்தான் இருந்திருக்கும் என்கிறார்கள்.

இதே குழுவினர் இன்னொரு வேலையும் செய்தார்கள். துருக்கியின் சாத்தல்ஹுயுக்கில் கிடைத்த ஒரு பழைய 'கசடு', 8,500 வருஷத்துக்கு முந்தைய உருக்கு வேலைக்குச் சாட்சி என்று பல வருஷங்களாகப் புத்தகங்களில் இருந்தது. மறுபடி சோதித்தார்கள். 2017-ல் வந்த முடிவு: அது உருக்கு வேலையே இல்லை! அங்கே நடந்த ஒரு தீயில், பிணத்தோடு புதைத்திருந்த பச்சை நிறப் பொடி தற்செயலாக வெந்துபோயிருக்கிறது. ஒரு குப்பைத் துண்டு சரித்திரத்தை எழுதும். இன்னொரு குப்பைத் துண்டு அதே சரித்திரத்தை அழிக்கும். எது எது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? மெட்டலர்ஜி தெரிந்த ஆள்!

மான் கொம்பால் ஒரு சுரங்கம்

தாது எங்கிருந்து வந்தது? கிழக்கு செர்பியாவில் மைதான்பெக் பக்கத்தில் ருத்னா கிளாவா என்று ஓர் இடம். நவீன காலத்தில் அங்கே இரும்புத் தாது வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டின முகப்பில் வினோதமான குழிகள் தெரிந்தன. 1968 முதல் போரிஸ்லாவ் யோவானோவிச் என்ற தொல்லியலாளர் ஆராய்ந்தார். வின்ச்சா காலத்துத் தாமிரச் சுரங்கம்!

தாது ஓடுகிற பாதையிலேயே வளைந்து நெளிந்து கீழே இறங்குகிற ஒடுக்கமான குழிகள். எப்படித் தோண்டினார்கள்? பாறை மேல் நெருப்பு மூட்டுவது, நன்றாகச் சூடேறியதும் தண்ணீரை ஊற்றுவது, 'படார்' என்று விரிசல் விட்டதும் மான் கொம்பால் நெம்புவது. ஆற்றங்கரை உருண்டைக் கல்லில் நடுவே பள்ளம் செதுக்கி, கயிறு கட்டிச் சம்மட்டி ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் கற்கள் அப்படியே கிடைத்தன. கூடவே நல்ல பானைகளும் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. சாமிக்குப் படைத்ததாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. இருக்காதா பின்னே? உடம்பு நுழையாத பொந்துக்குள் புகையோடு இறங்குகிறவனுக்குச் சாமி வேண்டாமா?

கி.மு. 5-ஆம் ஆயிரமாண்டில் பால்கன் பகுதியில் செய்த தாமிரப் பொருட்களில், இதுவரை நம் கைக்கு வந்தவை மட்டும் 4 டன்னுக்கு மேல் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். உருக்கி மறுபடி பயன்படுத்தியது, துருப்பிடித்துப் போனது, இன்னும் மண்ணுக்குள் இருப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-ல் கிடைத்தாரே ஓட்ஸி, அந்தப் பனி மனிதர் கையில் ஒரு தாமிரக் கோடரி இருந்தது ஞாபகம் இருக்கா? அவர் சுமார் 5,300 வருஷத்துக்கு முந்தைய ஆள். பெலோவோடே நெருப்புக்கு அவர் ரொம்ப ரொம்ப ஜூனியர்!

'உங்களுக்கெல்லாம் இது எப்படித் தெரியும்?'

இப்போது கொஞ்சம் கோபப்படலாம்.

இருபதாம் நூற்றாண்டின் முக்கால்வாசிக் காலம், இந்த மக்கள் தாங்களாகக் கண்டுபிடித்தார்கள் என்று நம்பப் பெரிய ஆய்வாளர்கள் தயாராக இல்லை. கார்டன் சைல்ட், சாதாரண ஆள் இல்லை, தொல்லியலில் ஜாம்பவான். அவருடைய கணக்குப்படி நாகரிகத்தின் வெளிச்சம் மேற்காசியாவிலிருந்து கிளம்பி மெதுவாக ஐரோப்பாவுக்குள் போனது. அதனால் வின்ச்சாவையும் ட்ராய் நகரத்துக்குப் பக்கத்துக் காலத்தில், கி.மு. 3000-க்குப் பிறகு கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். 'குடிசைவாசிகளுக்கு உலோகம் எப்படித் தெரியும்? யாராவது வந்து கற்றுக்கொடுத்திருப்பார்கள்.' முடிந்தது கதை.

அப்புறம் 1949-ல் வில்லார்ட் லிபி கார்பன் தேதிக் கணிப்பைக் கொண்டுவந்தார். 1960-களின் கடைசியில் மர வளையங்களை எண்ணி அந்தத் தேதிகளைத் திருத்தினார்கள். திருத்தியதும் பால்கன் தேதிகள் இன்னும் பல நூறு வருஷம் பின்னால் போய் உட்கார்ந்தன. காலின் ரென்ஃப்ரூ என்ற இளம் ஆய்வாளர் 1969-ல், 'பால்கன் உலோக வேலை ட்ராயைவிட ரொம்பப் பழசு. இவர்கள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்' என்று எழுதினார். பேரனிடம் தாத்தா பாடம் கற்றார் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது அம்பலமானது.

இன்றும் வாதம் முடியவில்லை. மேற்காசியாவிலும் ஈரானிலும் பழைய உருக்கு வேலைக்குச் சான்றுகள் உண்டு. ஒரே இடத்தில் பிறந்து பரவியதா, பல இடங்களில் தனித்தனியாகப் பிறந்ததா என்று மோதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். செர்பியாவின் ப்ளோச்னிக்கில் கிடைத்த, வெள்ளீயம் கலந்த வெண்கலத் தகடு கி.மு. 4650 வாக்கில் வரும் என்று 2013-ல் சொன்னார்கள். உடனே, 'அது கிடைத்த மண் அடுக்கு சரிதானா?' என்று சிலர் கேட்டார்கள். கேட்கட்டும். கேள்வி கேட்பது தப்பில்லை. 'உனக்கெல்லாம் எப்படித் தெரியும்' என்று ஆரம்பிப்பதுதான் தப்பு.

750 பவுன்!

இனி பல்கேரியா. கருங்கடல் ஓரம் வர்னா நகரம். 1972 அக்டோபர். ராய்ச்சோ மரினோவ் என்ற 22 வயதுப் பையன் பொக்லைன் ஓட்டிப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். மண்ணில் ஏதோ மஞ்சளாக மின்னியது. விஷயம் அருங்காட்சியகக்காரர்கள் காதுக்குப் போனது. இவான் இவானோவ் உள்ளிட்ட தொல்லியலாளர்கள் வருஷக்கணக்கில் தோண்டினார்கள். ஏறக்குறைய 300 கல்லறைகள். 3,000-க்கு மேல் தங்கப் பொருட்கள். மொத்தம் சுமார் 6 கிலோ. நம்ம கணக்கில் 750 பவுன்! காலம், கி.மு. 4600-க்கும் 4300-க்கும் நடுவில். எகிப்தில் பிரமிடு கட்ட இன்னும் 1,500 வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

அதில் 43-ஆம் எண் கல்லறை. ஒரு வயதான ஆண். அவர் மேல் மட்டும் சுமார் ஒன்றரைக் கிலோ தங்கம். கையில் தங்கம் சுற்றிய பிடியோடு ஒரு கோடரி. சில கல்லறைகளில் ஆளே இல்லை. மனித முகம் போல் களிமண்ணில் செய்து, அதற்குத் தங்கத் தோடு போட்டுப் புதைத்திருக்கிறார்கள்!

பார்க்க அழகு. கணக்குப் பார்த்தால்தான் உறுத்தும். மொத்தத் தங்கத்தில் முக்கால்வாசி நாலே நாலு கல்லறைகளில் கிடைத்தது. மீதி ஆட்களில் பல பேருக்கு ஒரு பானை, ஒரு கல் கத்தி, கொஞ்சம் மணி. சிலருக்கு அதுவும் இல்லை. வின்ச்சா ஊர்களில் வீடுகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன என்று பார்த்தோமே... இங்கே 'பெரிய மனுஷன்' பிறந்துவிட்டார். 43-ஆம் கல்லறைக்காரர் சுரங்கத்துக்குள் இறங்கி இருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? இறங்கியவனுக்கு எத்தனை குண்டுமணித் தங்கம் போட்டுப் புதைத்தார்கள் என்று யாராவது காட்ட முடியுமா?

இந்தப் பணம் தங்கத்தால் மட்டும் வந்ததில்லை. தாமிரம் ஒரு பக்கம். பக்கத்தில் ப்ரோவாதியாவில் ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள், அது இன்னொரு பக்கம். ஏஜியன் கடல் சிப்பிகள்கூட இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. நல்ல ஓஹோ வியாபாரம்!

அப்புறம்? கி.மு. 4200 வாக்கிலிருந்து ஒவ்வொன்றாக ஊர்கள் காலியாகின்றன. சில இடங்களில் எரிந்த வீடுகள். யுனாட்சிட்டே என்ற ஊரில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் எலும்புகள். வானிலை மாறியதா, வயல் களைத்ததா, வெளியிலிருந்து வந்தவர்கள் தாக்கினார்களா, உள்ளுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்களா... எல்லாக் கருத்துக்கும் ஆள் இருக்கிறது. பல நூறு வருஷங்களுக்கு அந்தப் பகுதியில் பெரிய ஊரே இல்லை. 750 பவுன் இருந்தும் காப்பாற்றவில்லை.

ஆனால், ஒன்று தப்பித்தது. கல்லை உருக்கும் வித்தை! அதைப் பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது. கையோடு, கண்ணோடு, மூச்சோடு ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குப் போய்க்கொண்டே இருந்தது. கல்லறையில் ஒளித்து வைத்தது தங்கம். உலகம் முழுக்கச் சுற்றியது அறிவு.

பேரீச்சம்பழத்துக்கு ஒரு பதில்

தோழி, இப்ப உங்க கேள்விக்கு வர்றேன்.

உங்களைக் கிண்டல் பண்ற ஹாஸ்டல் நண்பர்கிட்டே அவங்க மொபைல் சார்ஜரைக் காட்டச் சொல்லுங்க. அந்த ஒயருக்குள்ளே என்ன இருக்கு? தாமிரம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவங்க கம்ப்யூட்டர் போர்டுல கோடு கோடா ஓடறது என்ன? தாமிரம். தினமும் சாயங்காலம் அதைத்தான் எல்லாரும் பிளக்குல செருகறாங்க.

அதற்காக 'உலகத்திலேயே உங்க படிப்புதான் உசத்தி'ன்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா நானும் அந்தச் சொந்தக்காரங்க மாதிரிதான். உங்களுக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலை, அது வேற விஷயம். வேலை கிடைக்குமாங்கற கவலையும் நியாயமானதுதான். அதை உங்க சீனியர்கள்கிட்டே உட்கார்ந்து பேசுங்க. ஆனா, 'கேவலமா?'ன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு மட்டும் என் பதில்: இல்லவே இல்லை.

முதல் வருஷம் லேப்ல உங்க கையில ஒரு தாதுக் கல்லைக் கொடுப்பாங்க. வாங்கின உடனே மார்க்கைப் பத்தி யோசிக்காதீங்க. ஒரு நிமிஷம் சும்மா வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. உங்களுக்கு முன்னாடி பெலோவோடேயில யாரோ ஒருத்தர் அதே மாதிரி ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்து, 'இது கழுத்துக்கா, நெருப்புக்கா?'ன்னு யோசிச்சிருக்கார். அது ஆணா பெண்ணா, யாருக்கும் தெரியாது. பேரும் தெரியாது. தங்கம் போட்டும் புதைக்கலை.

பாத்திரக் கடையான்னு கேட்ட அந்தச் சொந்தக்காரர்கிட்டே இந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் கொடுத்துடுங்க. மத்தவங்க, உங்க பிரிவுக்கு உங்க ஹாஸ்டல்ல என்ன பட்டப் பேருன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!